மறுப்பும் ஒரு பதில்தான்: பிஎச்பி சொக்கெட் சேவையகம் இணையாதபோது எங்கே பார்ப்பது

“சேர், சேவர் ஓடுது. ஆனா கனெக்ட் ஆகுதில்லை.”

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் நிரலாக்க வகுப்பில், சொக்கெட் பாடம் தொடங்கிய முதல் வாரத்திலேயே யாராவது ஒரு மாணவர் இப்படிச் சொல்லிவிடுவார். அந்தச் சொற்களில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் இன்னும் சான்று இல்லை. இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் செய்நிரலான சேவையகம் ஓடுகிறது என்பதை அவர் எதை வைத்துச் சொல்கிறார்? இணையவில்லை என்றால், மறுமுனை மறுத்துவிட்டதா, பதிலே வராமல் காத்திருந்து கைவிட நேர்ந்ததா, அல்லது இணைந்த பிறகு பேச்சு எழவில்லையா? ஆகவே நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “திரையில வந்ததை ஒரு சொல்லும் விடாமல் வாசியுங்கோ தம்பி.” இணைப்புப் பிழைச் செய்திகள் ஒவ்வொன்றும் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கான குறிப்பைத் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. அவற்றை எப்படி வாசிப்பது என்பதைத்தான், அண்மையில் ஒரு மாணவருடன் நான் படிப்படியாகக் கடந்த ஒரு சிக்கலைத் துணையாகக் கொண்டு, இங்கே விளக்க விரும்புகிறேன்.

வலையமைப்பின் வழியே பேசிக்கொள்ளும் இரண்டு செய்நிரல்களில் ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் பிடித்திருக்கும் முனைக்குச் சொக்கெட் என்று பெயர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான யூனிக்ஸ் பதிப்பொன்றுடன் 1983 ஆம் ஆண்டில் இந்த ஏற்பாடு வெளிவந்தது. பைண்ட், லிசன், அக்செப்ட் என்று அன்று வைத்த பெயர்களையே நாங்கள் பயன்படுத்தும் பிஎச்பி என்ற நிரலாக்க மொழியும் எடுத்துக்கொண்டது. பைதனும் ஜாவாவும் பெரும்பாலும் அவற்றையே பின்பற்றுகின்றன. எனவே பிஎச்பியில் ஒரு பிழையைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற மொழிகளிலும் அதே பிழை அதே பொருளைத்தான் தரும்.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். கட்டடத்தின் வீதி இலக்கத்தை ஐபி முகவரி என்றும், உள்ளே இருக்கும் வீட்டின் இலக்கத்தைப் போர்ட் என்றும் வைத்துக்கொள்வோம். போர்ட் இலக்கங்கள் 0 இலிருந்து 65535 வரை உண்டு. வாசலில் நிற்கும் வாட்சர்தான் விண்டோஸ், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமை. வெளியிலிருந்து வருபவர் நேரே வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. வாட்சரிடம் இலக்கத்தைச் சொல்கிறார். நம் செய்நிரல் சொக்கெட்_கிரியேட் என்ற சார்பினால் ஒரு சொக்கெட்டை உருவாக்கி, சொக்கெட்_பைண்ட் மூலம் ஒரு வீட்டு இலக்கத்தைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு, சொக்கெட்_லிசன் மூலம் “இந்த இலக்கத்துக்கு ஆட்கள் வந்தால் உள்ளே விடுங்கள்” என்று வாட்சரிடம் சொல்லிவைக்கிறது. பிறகு சொக்கெட்_அக்செப்ட் மூலம் வந்தவருக்குக் கதவைத் திறந்து, சொக்கெட்_ரீட், சொக்கெட்_ரைட் ஆகிய இரண்டினாலும் அவருடன் பேசுகிறது.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு நுணுக்கம் உண்டு. லிசன் சொல்லி முடிந்த கணத்திலிருந்து, வருபவரை வரவேற்று வரவேற்பறையில் இருத்துவது வாட்சர்தான்; நீங்கள் கதவைத் திறக்கும்வரை வாட்சர் காத்திருப்பதில்லை. அதாவது, இணைய வரும் செய்நிரலான கிளையன்ட்டின் திரையில் “இணைந்தது” என்று வந்துவிட்டால் மறுபக்கத்துப் பணிசெயல் முறைமை அதை ஏற்றுக்கொண்டது என்று மட்டுமே பொருள். உங்கள் பிஎச்பி நிரல் அந்த வருகையை இன்னும் அறியாமலே இருக்கலாம். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் புதிர்களில் பாதி தானே அவிழ்ந்துவிடும்.

இனி, ஒருவர் இணைய முயலும்போது பெரும்பாலும் நிகழ்பவை மூன்று. “கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட்” என்று வந்தால் அது மறுப்பு. லினக்ஸில் இதன் பிழை எண் 111, விண்டோஸில் 10061. மறுப்பைக் கண்டு மாணவர்கள் மனம் தளர்வதைப் பார்க்கிறேன். உண்மையில் எனக்கு மிகவும் பிடித்த பிழை இதுதான். உங்கள் கோரிக்கை வீதியைக் கண்டுபிடித்து, கட்டடத்தை அடைந்து, வாட்சரிடம் பேசி, “அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை” என்ற பதிலோடு திரும்பியும் வந்திருக்கிறது. வழி முழுவதும் சரி. போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் குறை. இரண்டாவது, “கனெக்ஷன் டைம்ட் அவுட்”: லினக்ஸில் 110, விண்டோஸில் 10060. இது மௌனம். கோரிக்கை போனது, ஒன்றும் திரும்பவில்லை. வழியில் ஒரு தீச்சுவர், அதாவது இணைப்புகளை வடிகட்டும் காவல் ஏற்பாடு, அதைச் சத்தமில்லாமல் கைவிட்டிருக்கலாம்; முகவரியே தவறாக இருக்கலாம்; அந்தக் கணினி அணைந்திருக்கலாம். மூன்றாவது, இணைந்துவிடுகிறது, ஆனால் பேச்சு இல்லை. இதற்குப் பிழை எண்ணே கிடையாது. வலையமைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. குறை பெரும்பாலும் நாம் எழுதிய நிரலுக்குள் இருக்கிறது.

மறுப்பையும் மௌனத்தையும் பிரித்தறியாதவர் மௌனத்துக்கு மருந்தாக நிரலையும், மறுப்புக்கு மருந்தாகத் தீச்சுவரையும் மாற்றிக்கொண்டு ஒரு மாலைப்பொழுதையே கழித்துவிடுவார். தீச்சுவரை முழுமையாக அணைத்துவிட்டு, பிறகு அதை மறந்தும் போவார்.

நான் சொல்லும் மாணவர் உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஓடும் தன் மடிக்கணினியில் ஒரு சிறிய அரட்டைச் சேவையகத்தை எழுதியிருந்தார். போர்ட் இலக்கம் 10500. அதே கணினியின் இன்னொரு சாளரத்திலிருந்து, தட்டியதை மறுமுனைக்கு அனுப்பி வருவதைக் காட்டும் டெல்நெட் என்ற சிறு நிரல் மூலம் இணைத்தால் வேலை செய்தது. அதே வைஃபையில் இருந்த நண்பரின் மடிக்கணினியிலிருந்து இணைத்தால் மறுப்பு வந்தது. உள்ளிருந்து தொடங்கி ஒவ்வோர் அடியாக வெளியே நகர்வது என்பது இந்த வேலையில் நான் விடாமல் பின்பற்றும் ஒழுங்கு. முதலில் அதே கணினியில், அடுத்து அதே வீட்டு வலையமைப்பில், அதன் பின்னரே இணையத்தில். அவர் முதற்படியைக் கடந்துவிட்டார் என்பது தெளிவு.

எனினும் முதற்படியிலேயே தடுக்கி விழுபவர்கள்தான் அதிகம் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சொக்கெட் சேவையகத்தை உலாவியில் திறந்து ஓட்டக் கூடாது. கட்டளை வரியில், பிஎச்பி என்ற கட்டளைக்குப் பின்னால் கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்ட வேண்டும். அங்கே நிரல் எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதற்கு இயல்பாக வரம்பு இல்லை, பிழைகளும் கண்முன்னே வரும். “கோல் டு அன்டிஃபைண்ட் ஃபங்ஷன்” என்று சொக்கெட்_கிரியேட்டைச் சுட்டி ஒரு பிழை வந்தால் சொக்கெட் நீட்சி இயங்கவில்லை என்று பொருள். விண்டோஸில் பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் அந்த நீட்சிக்குரிய வரியின் முன்னாலுள்ள அரைப்புள்ளியை நீக்கினால் போதும்.

அடுத்து, பைண்ட் தந்த விடையைச் சரிபார்க்காமல் விடுவது. நான் கண்ட பயிற்சி நிரல்களில் பல, எச்சரிக்கைகளை மறைக்கும் @ குறியைச் சார்பின் முன்னால் இட்டு, அது வென்றதா தோற்றதா என்று பார்க்காமலே அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. இதன் விளைவு லினக்ஸில் மிகவும் வியப்பானது. இலக்கம் கிடைக்காமல் பைண்ட் தோற்ற பிறகும் லிசன் அழைக்கப்பட்டால், லினக்ஸ் அந்தச் சொக்கெட்டுக்குத் தானே ஏதோ ஒரு வெற்றுப் போர்ட்டைத் தேர்ந்து கொடுத்துவிடுகிறது. நிரல் “காத்திருக்கிறேன்” என்று அச்சிட்டுக்கொண்டு உயிரோடுதான் இருக்கும். ஆனால் அது காத்திருப்பது நீங்கள் கேட்ட வீட்டில் அல்ல, வேறொரு மாடியில். விண்டோஸில் இதே தவறு லிசன் வரியில் ஒரு பிழையாக வெளிப்பட்டுவிடும். ஆகவே @ குறிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள்; ஒவ்வொரு சார்பின் விடையும் ஃபோல்ஸ் ஆகிவிட்டதா என்று கேளுங்கள்; அப்படி ஆனால் சொக்கெட்_லாஸ்ட்_எரர் தரும் எண்ணையும், சொக்கெட்_ஸ்ட்ரெரர் அதற்குத் தரும் விளக்கத்தையும் அச்சிட்டு நிரலை அங்கேயே நிறுத்துங்கள். மூன்று வரி கூடுதலாக எழுதுவதால் மூன்று மணி நேரம் மிஞ்சும்.

நிரல் உண்மையில் எங்கே காத்திருக்கிறது என்பதை நிரலிடம் கேட்காமல் வாட்சரிடமே கேட்டுவிடலாம். லினக்ஸில் எஸ்எஸ் என்ற கட்டளையை எல், டி, என், பி ஆகிய எழுத்துகளுடனும், விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ ஆகிய எழுத்துகளுடனும் கொடுத்தால், காத்திருக்கும் போர்ட்டுகள் அத்தனையும் வரிசையாக வரும். மாணவரின் கணினியில் இதைச் செய்தபோது வந்த பட்டியலில் ஐந்தாறு வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் அவர் விரலை வைத்தார். “இந்தா இருக்குத்தானே சேர், 10500.” இலக்கம் சரிதான். ஆனால் அவர் விரல் இலக்கத்தின் மேல் இருந்தது; நான் பார்த்தது அதற்கு இடப்பக்கத்தில் இருந்த முகவரியை. அங்கே 127.0.0.1 என்று இருந்தது.

127.0.0.1 என்பது ஒரு கணினி தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. அதனுடன் பைண்ட் செய்த சேவையகம், கட்டடத்துக்குள் இருப்பவர் அழைத்தால் மட்டும் திறக்கும் வீட்டைப் போன்றது. வெளியிலிருந்து அதே இலக்கத்தைக் கேட்டு வருபவரிடம் வாட்சர் “இல்லை” என்றுதான் சொல்வார். நண்பரின் திரையில் வந்த மறுப்பு அதுதான். பைண்டுக்குக் கொடுத்த முகவரியை 0.0.0.0 என்று மாற்றினால், அந்தக் கணினிக்கு உள்ள எல்லா வலையமைப்பு முகவரிகளிலும் சேவையகம் காத்திருக்கும். நண்பர் இணைய வேண்டிய முகவரி மட்டும் 0.0.0.0 அல்ல, அது உபுண்டுக் கணினிக்கு ரவுட்டர் கொடுத்திருக்கும் முகவரி, அவர்களுடைய வீட்டில் 192.168.1.14. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இன்னோர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 0.0.0.0 என்று திறந்தால், நீங்கள் அமர்ந்திருக்கும் தேநீர்க்கடை வைஃபையில் உள்ள அந்நியருக்கும் அது திறந்ததாகலாம். வீட்டில் பரிசோதித்து முடிந்ததும் நிரலை நிறுத்திவிடும் பழக்கம் நல்லது.

இதற்கு நேர்மாறான ஒரு விசித்திரமும் உண்டு. கிளையன்ட்டில் “லோக்கல்ஹோஸ்ட்” என்று பெயரைக் கொடுத்தால் மறுப்பு, 127.0.0.1 என்று எண்ணைக் கொடுத்தால் இணைப்பு. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் சில கணினிகளில் முதலில் ஐபி ஆறாம் பதிப்பின் ::1 என்ற முகவரியாக மாறுகிறது. உங்கள் சேவையகமோ நான்காம் பதிப்பில் மட்டும் காத்திருக்கிறது. சோதிக்கும் காலத்தில் பெயரைத் தவிர்த்து எண்ணையே கொடுங்கள்.

முகவரியை மாற்றி மீண்டும் ஓட்டியபோது, “அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்” என்று, லினக்ஸில் 98 ஆம் எண் கொண்ட பிழை வந்தது. விண்டோஸில் இது 10048. அந்த இலக்கத்தை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள் என்பது பொருள். பெரும்பாலும் அந்த வேறு யாரோ, நீங்கள் சற்று முன் ஓட்டிய அதே நிரல்தான். லினக்ஸில் கண்ட்ரோல் விசையுடன் சி அழுத்தினால் நிரல் முடிவடையும். இசட் அழுத்தினால் அது உறங்க மட்டுமே செய்யும். உறங்கும் நிரல் போர்ட்டை விடுவதில்லை. அதற்கும் மேலாக, அந்த உறங்கும் நிரலுடன் வெளியிலிருந்து ஒருவர் இணையவும் முடியும், ஏனெனில் வரவேற்பது வாட்சர். வீட்டுக்காரரோ உறக்கத்தில் இருப்பார். என் மாணவர் அழுத்தியது இசட்தான். எஸ்எஸ் கட்டளை காட்டும் செயல்முறை எண்ணைக் கொண்டு அதை முடித்துவைத்தோம்.

நிரல் உண்மையாகவே முடிந்த பின்னரும் இதே பிழை ஒரு நிமிடம்வரை தொடரக்கூடும். இணைப்பை முதலில் மூடிய பக்கம், வழியில் தாமதமாக வரும் பொதிகள் அடுத்த உரையாடலில் கலந்துவிடாதிருக்க, அந்த இணைப்பின் நினைவைச் சிறிது நேரம் வைத்திருக்கும். லினக்ஸில் இந்த நேரம் 60 விநாடி. பைண்டுக்கு முன்பாக சொக்கெட்_செட்_ஆப்ஷன் சார்பின் மூலம் ரியூஸ்அட்ரஸ் என்ற விருப்பத்தை இயக்கினால் காத்திருக்க வேண்டியதில்லை. பைண்டுக்குப் பின் இட்டால் பயனில்லை. விண்டோஸில் இதே விருப்பம் இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைப் பிடிக்க இடம் கொடுத்துவிடும் என்பதால், அங்கே அதைத் தவிர்ப்பது நல்லது. போர்ட் இலக்கத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சற்றுக் கவனம் வேண்டும்: 1024 இற்குக் கீழ்ப்பட்டவற்றை லினக்ஸ் சாதாரணப் பயனருக்கு இயல்பாகத் தருவதில்லை, “பெர்மிஷன் டினைட்” என்று சொல்லிவிடும், 9000 ஐ, வலைத்தளங்களுக்காக பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம் இயல்பாகவே எடுத்துக்கொள்வதுண்டு. அதற்கு மேலே வெற்று வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

இப்போது நண்பரின் மடிக்கணினியிலிருந்து மீண்டும் முயன்றோம். மறுப்பு மறைந்தது, இணைந்தது. ஆனால் சேவையகம் அனுப்ப வேண்டிய வரவேற்பு வாசகம் வரவில்லை. வெற்றுத் திரை, அதன் மூலையில் கண் சிமிட்டும் குறி மட்டும். மாணவர் உடனே தீச்சுவரைப் பற்றிக் கேட்டார். நான் மறுத்தேன். தீச்சுவர் தடுத்திருந்தால் இணைந்தே இருக்காது. இது மூன்றாவது வகை. நிரலுக்குள் பார்க்க வேண்டியது.

அவருடைய நிரல் ஒரு லூப்பினுள் அக்செப்ட் செய்து, வந்தவருடன் அவர் விடைபெறும்வரை பேசி, அதன் பிறகே அடுத்த அக்செப்டுக்குத் திரும்பும் வகையில் எழுதப்பட்டிருந்தது. முதலில் தன் கணினியிலேயே பரிசோதிக்கத் திறந்த டெல்நெட் சாளரத்தை அவர், சேவையகம் மீண்டும் ஓடத் தொடங்கியதும் பழக்கத்தில் மறுபடியும் இணைத்துவிட்டு, வேறொரு சாளரத்தின் பின்னால் மறந்துவிட்டிருந்தார். சேவையகம் அந்த முதல் விருந்தினரின் அடுத்த சொல்லுக்காகப் பொறுமையுடன் காத்திருந்தது. நண்பர் வரவேற்பறையில் இருந்தார். அந்தச் சாளரத்தை மூடினோம். மூடிய அதே கணத்தில் நண்பரின் திரையில் வரவேற்பு வாசகம் தோன்றியது. ஓர் அறையில் இரண்டு கணினிகளை அருகருகே வைத்து இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர், சொக்கெட்_செலக்ட் எதற்காக இருக்கிறது என்பதை மறக்க மாட்டார். திறந்திருக்கும் சொக்கெட்டுகள் எல்லாவற்றையும் ஒரு வரிசையில் வைத்துக்கொண்டு, “இவற்றில் எதில் வாசிக்க ஏதாவது வந்திருக்கிறது?” என்று பணிசெயல் முறைமையைக் கேட்கும் சார்பு அது. புதியவர் வந்தால் மட்டும் அக்செப்ட், ஏற்கெனவே உள்ளவர் பேசினால் மட்டும் ரீட் என்று எழுதினால், ஒருவருக்காக மற்றவர்கள் காத்திருக்க நேராது.

இணைந்தும் பேசாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் வரிமுடிவு. சொக்கெட்_ரீட் சார்பை வரி வரியாக வாசிக்கும் முறையில் அழைத்தால், வரிமுடிவுக் குறி வரும்வரை அது திரும்பாது. மறுமுனையில் உள்ளவர் அந்தக் குறி இல்லாமல் “ஹலோ” என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், இருவரும் ஒருவருக்காக மற்றவர் காத்து, முடிவின்றி இருப்பார்கள். வந்ததை வந்தபடியே வாசிக்கும் இயல்பான முறையிலோ எதிர்மாறான சிக்கல். விண்டோஸின் டெல்நெட், நீங்கள் விசையை அழுத்த அழுத்த ஒவ்வோர் எழுத்தாக அனுப்பிவிடும். ஆகவே சேவையகம் முதல் எழுத்தைப் பெற்றதுமே அதை முழுச் செய்தி என்று எண்ணிப் பதில் சொல்லிவிடும். நண்பர் தட்டிய “ஹலோ” சேவையகத்தில் துண்டு துண்டாக, வரிக்கொன்றாக விழுந்தது இதனால்தான்.

இந்த இணைப்புகளைக் கொண்டுநடத்தும் டிசிபி நெறிமுறையின் அடிப்படைத் தன்மையே இங்கே வெளிப்படுகிறது. அது பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும். எது எங்கே முடிகிறது என்பதை அது அறியாது. ஒரே தடவையில் எழுதியது இரண்டு தடவையில் வந்துசேரலாம், இரண்டு தடவை எழுதியது ஒன்றாக ஒட்டிக்கொண்டும் வரலாம். தமிழில் அனுப்புபவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகத் தைக்கும். “வணக்கம்” என்ற சொல்லை யுடிஎஃப்-8 முறையில் குறியேற்றினால், புள்ளிகளையும் தனிக் குறிகளாக எண்ண ஏழு குறிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 21 பைட். மாணவர் ரீட் சார்புக்கு 16 என்று வரம்பு கொடுத்திருந்தார். முதல் 15 பைட்டில் “வணக்க” வந்தது. பதினாறாவது பைட் மகரத்தின் முதல் துண்டு. ஆகவே சேவையகத்தின் திரையில் “வணக்க” என்பதற்குப் பின்னால் ஒரு கறுப்புச் சாய்சதுரமும் கேள்விக்குறியும் வந்தன. வைஃபை பலவீனம் என்று அவர் நினைத்தார். வைஃபை எழுத்தை உடைப்பதில்லை. வாசித்த கைதான் உடைத்தது. வந்தவற்றை ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே போய், வரிமுடிவுக் குறி கண்ட பிறகே அதுவரையுள்ளதை ஒரு செய்தியாக எடுத்தாள்வது முறை. அவ்வாறு வாசிக்கையில், ரீட் வெற்றுச் சரத்தைத் திருப்பினால் மறுமுனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காத லூப் செயலியை முழுவதுமாக விழுங்கிக்கொண்டு சுழலும்.

சேவையகம் விண்டோஸில் இருந்தால் மௌனத்துக்கு முதற்காரணமாகத் தீச்சுவரைத்தான் பார்க்க வேண்டும். பிஎச்பியை முதன்முறை காத்திருக்க வைக்கும்போது அனுமதி கேட்டு ஒரு சிறு சாளரம் எழும். அவசரத்தில் அதை ரத்துச் செய்தால், பிஎச்பிக்கு எதிரான தடை விதி ஒன்று தீச்சுவரில் பதிவாகிவிடும். பிறகு போர்ட்டுக்கு அனுமதி விதி எழுதினாலும் தடைதான் வெல்லும். உள்வரும் விதிகளின் பட்டியலில் அந்தத் தடையைத் தேடி நீக்க வேண்டும். விண்டோஸின் இன்னொரு குணத்தையும் அறிந்திருங்கள்: யாரும் காத்திராத போர்ட்டுக்கு வெளியிலிருந்து வருபவருக்கு மறுப்புக்கூடச் சொல்லாமல் மறைந்திருப்பது அதன் தீச்சுவரின் இயல்பு. ஆகவே விண்டோஸ் கணினியிடமிருந்து வரும் மௌனத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாமல், முதலில் அந்தக் கணினியிலேயே நெட்ஸ்டாட்டைப் பாருங்கள். விருந்தினர் வைஃபைகளிலும் விடுதிகளிலும், ஒரே வலையமைப்பில் உள்ள இரண்டு கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி ரவுட்டரே பிரித்து வைத்திருப்பதுண்டு. இரு மடிக்கணினிகளையும் ஒரு கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துப் பார்த்தால் சில வேளைகளில் ஐயம் தீரும்.

மாணவரின் உண்மையான விருப்பம் அடுத்த வாரம்தான் வெளிவந்தது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுடன் தன் சொந்த நிரலில் பேச வேண்டும். அண்ணாவுக்கு அவர் அனுப்பிய முகவரி 192.168.1.14, அண்ணாவுக்குக் கிடைத்தது மௌனம். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 இலிருந்து 172.31 வரையுள்ளவை ஆகிய மூன்று தொகுதிகளும் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள். அண்ணாவின் வீட்டிலும் அதே முகவரியில் ஓர் அச்சுப்பொறி இருக்கலாம். வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி. அங்கு வரும் 10500 ஐ உள்ளே எந்தக் கணினிக்கு அனுப்ப வேண்டும் என்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போர்ட் ஃபோர்வேடிங் பகுதியில் எழுதிவைக்க வேண்டும்.

அதைச் செய்யும் முன் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பார்க்கச் சொன்னேன். அது 100.72 என்று தொடங்கியது. 100.64 இலிருந்து 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணையச் சேவை நிறுவனங்கள் ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக 2012 ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டவை. நான்காம் பதிப்பு முகவரிகள் போதாமையால் உலகெங்கும் நடக்கும் ஏற்பாடு இது. இந்த நிலையில் வீட்டு ரவுட்டரில் என்ன எழுதினாலும் வெளியிலிருந்து வருபவர் அதை அடைய மாட்டார், ஏனெனில் அவர் சந்திக்கும் வாசல் உங்களுடையதல்ல. ரவுட்டர் காட்டும் வெளிமுகவரியும், “என் ஐபி என்ன” என்று இணையத்தில் தேடும்போது வரும் முகவரியும் வேறுவேறாக இருந்தால், நீங்களும் இதே நிலையில் இருக்கக்கூடும்.

எனவே சேவையகத்தை வீட்டில் வைக்கும் எண்ணத்தை விட்டு, மாதவாடகைக்குச் சிறிய லினக்ஸ் மேகக் கணினி ஒன்றை எடுத்தார். கொழும்பும் ரொறன்ரோவும் இரண்டுமே கிளையன்ட்டுகள்; இருவரும் வெளியே போய் அங்கே சந்திப்பார்கள். முதல் முயற்சியில் மீண்டும் மௌனம். இம்முறை அவர் என்னைக் கேட்கவில்லை. மேகக் கணினிக்குள் நுழைந்து எஸ்எஸ் கட்டளையைப் பார்த்தார்; 0.0.0.0, 10500, சரி. அதே கணினிக்குள்ளிருந்து டெல்நெட் செய்தார்; பேசியது. அப்படியானால் மௌனம் வாசலுக்கு வெளியே என்று கண்டு, வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்வரும் போர்ட்டுகளின் பட்டியலைத் திறந்தார். அதில், தொலைவிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழைவதற்கான 22 மட்டும்தான் இருந்தது. 10500 ஐச் சேர்த்தார்.

இப்படிப் போகும் சொற்களுக்கு மறைகுறியாக்கம் எதுவும் இல்லை, வழியில் உள்ளவர் வாசிக்கலாம் என்பதால் கடவுச்சொல் எதையும் இதில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சனிக்கிழமை வகுப்புக்கு அவர் சேவையகத்தின் பதிவுக் கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே அதன் பைட் அளவையும் அச்சிடும்படி எழுதியிருந்தார். ரொறன்ரோவிலிருந்து வந்த முதல் வரியில் “வணக்கம்” என்றும், அதன் எதிரே 21 என்றும் இருந்தது.